காயும் வரை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் மாதிரி விமானப் பெட்டி வந்தது. இரண்டு முழ நீளம். கையில் வாங்கியபோது, உள்ளே வைக்க வேண்டியதை வைக்காமலே அனுப்பிவிட்டார்களோ என்று நினைக்கும்படியான எடை. பிரித்ததும் லேசரில் வெட்டிய விளிம்புகளின் மெல்லிய கருகல் வாசம். சன்னமான பால்சாப் பலகைகள், அவற்றில் வெட்டுப்பட்டு இன்னும் உதிராமல் இருக்கும் இறக்கை விலாக்கள், சதுரக் குச்சிகள், எஃகுக் கம்பி, ஒரு பொட்டலம் திருகாணி. எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த வரைபடம்.

வரைபடம் முழு அளவில் இருந்தது. இறக்கை ஒன்றரை மீட்டர் என்றால் தாளிலும் ஒன்றரை மீட்டர். கூடத்தில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தோம். மகள் அதன் ஓரமாகவே நடந்து சுற்றி வந்தாள். அன்று இரவு வேறு எதையும் தொடவில்லை.

*

பால்சாவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தென் அமெரிக்காவின் மரம். உலகத்துக்கு வேண்டிய பால்சாவில் பெரும்பங்கு ஈக்வடாரிலிருந்து வருகிறது. நட்டு ஆறேழு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடுமாம். நம்மூர் இலவ மரமும் அதுவும் ஒரே தாவரக் குடும்பம். தலையணைக்குப் பஞ்சு தருகிற மரத்தின் உறவுக்காரன்தான் என் மேசையில் கிடக்கிறான் என்று தெரிந்த பிறகு அந்தப் பலகை அந்நியமாக இல்லை. பால்சா என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். தண்ணீரில் மிதந்தது இப்போது காற்றுக்குப் போகிறது.

ஒரே அளவுள்ள இரண்டு பலகைகள் ஒரே எடை இருப்பதில்லை. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பென்சிலால் எடை எழுதினேன். கனமானதும் கெட்டியானதும் இறக்கையின் நடுத்தண்டுக்கு; அதை ஸ்பார் என்கிறார்கள். ஆக லேசானது வாலுக்கு. வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் சேர்க்க வேண்டிவரும். துலாக்கோலின் நீண்ட கை வால். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற இந்த மரத்தைத் தாவரவியல்காரர்கள் கடினமர வகையில் சேர்த்திருக்கிறார்கள். மரம் அகன்ற இலை மரமா, ஊசியிலை மரமா என்பதை வைத்துச் செய்த பிரிவு அது. கைக்குத் தெரிகிற கடினம் வேறு.

*

இறக்கை கட்டும் பலகை மட்டமாக இருக்க வேண்டும். ஓரளவு போதாது, முழு மட்டம். வீட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: சமையலறையின் பழைய கடப்பைக்கல். பின்கட்டில் சாத்தி வைத்திருந்ததை எடுத்து மேசைமேல் போட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. அதன்மேல் குண்டூசி இறங்கும்படி சாஃப்ட் போர்டு, அதன்மேல் வரைபடம், அதன்மேல் பசை ஒட்டாமலிருக்க பாலிதீன் தாள்.

ஆரம்பக்காரர்களுக்கான விமானத்தின் இறக்கைக்கு அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு. தட்டை என்பதால்தான் இப்படிப் பலகைமேல் கிடத்திக் கட்ட முடிகிறது. கோட்டின்மேல் ஸ்பாரைக் கிடத்தி ஊசி குத்தி, 11 விலாக்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மூலைமட்டம் வைத்து, பசை தொட்டு, மூச்சைப் பிடித்து, அடுத்தது. தச்சர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைப் பசைதான். மெதுவாகக் காயும். ஒட்டிய இடம் தப்பென்றால் திருத்திக்கொள்ள நேரம் தரும். அதற்குப் பதிலாக அது கேட்பது ஓர் இரவு.

அந்த இரவை நான் முழுதாகக் கொடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு மகள் வந்து எட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் கிடக்கும் மீனின் எலும்புபோல இருந்தது அது. "தூக்கிக் காட்டுப்பா" என்றாள். எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஊசிகளைப் பிடுங்கி, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் விலாக்களின் நிழல் சுவரில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திரும்ப வைத்து ஊசி குத்தினேன். எல்லாம் பழைய இடத்தில் இருப்பதாகத்தான் தெரிந்தது.

*

இரண்டு பாதிகளையும் நேர்கோட்டில் இணைப்பதில்லை. ஒரு பாதியைத் தட்டையாக வைத்து, மறுபாதியின் நுனிக்கு 12 செ.மீ. உயரம் முட்டுக்கொடுத்து, நடுவில் பிளைவுட் துண்டு வைத்து எபாக்ஸியால் ஒட்ட வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் இறக்கை ஆழமில்லாத ஒரு 'வி'. பருந்து வட்டமிடும்போது சில சமயம் அப்படிப் பிடித்திருக்கும்.

காரணம் எளிமையானது, ஆனால் எனக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. விமானம் இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கமாகவே சறுக்க ஆரம்பிக்கும். அப்படிச் சறுக்கும்போது, 'வி' வடிவத்தால், தாழ்ந்த இறக்கை காற்றைச் சற்றுக் கூடுதலான கோணத்தில் சந்திக்கிறது. உயர்ந்த இறக்கை குறைவான கோணத்தில். தாழ்ந்த பக்கம் தூக்கும் விசை கூடுகிறது. யாரும் ஒன்றும் செய்யாமலே விமானம் நிமிர்ந்துகொள்கிறது.

இதைப் பறக்கவிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர். 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லெரித் தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் ஓடும் ஒரு சின்ன விமானத்தை விட்டார். நுனிகள் மேல்நோக்கிய இறக்கை, பின்னால் வால். கை தொடாமல் 11 விநாடி, ஏறக்குறைய 40 மீட்டர். அவருக்கு அப்போது 21 வயது. மனிதனைச் சுமந்து மோட்டாரில் பறந்த விமானம் வர இன்னும் 32 வருஷம் இருந்தது. பெனோவின் ரப்பர் முறுக்கு ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை 1878இல் ஓர் அப்பா தன் இரண்டு பையன்களுக்கு வாங்கிக்கொண்டு போனார்; பையன்களின் பெயர் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். பெனோ 30 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பெரிய விமானம் ஒன்றுக்குப் படம் வரைந்து வைத்திருந்தார். அதைக் கட்டப் பணம் தர யாரும் முன்வரவில்லை.

மகளின் அகராதியையும் இரண்டு பழைய தீபாவளி மலர்களையும் அடுக்கி 12 செ.மீ. எட்டச் செய்தேன். எபாக்ஸி இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் இவ்வளவு தனியாக இருந்திருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

*

எலும்புக்கூட்டை உப்புத்தாளால் தேய்த்து முடிக்க ஒரு வாரம். மேலே போர்த்துவது ஒரு பக்கம் பசை தடவிய பிளாஸ்டிக் ஃபிலிம். இஸ்திரிப்பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து ஓரங்களை ஒட்டி, பிறகு சூடு கூட்டி நடுவில் ஓட்டினால், தளர்ந்து கிடந்த ஃபிலிம் சுருங்கி மத்தளத்தோல்போல விறைக்கிறது. விரலால் சுண்டினால் சத்தம் வரும். முன்பு வெறும் விலாக்களாக இருந்தபோது கையில் முறுக்கிய முறுக்குக்கெல்லாம் வளைந்த இறக்கை, இப்போது வளைய மறுத்தது. மரம் கொடுக்காத விறைப்பை இந்தத் தோல் கொடுக்கிறது. எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அதைப் பூட்டியும் விடுகிறது.

நிறத்தை மகள் சொன்னாள்: மேலே மஞ்சள், கீழே வெள்ளையில் கறுப்புப் பட்டை. அழகுக்காகத்தான் சொன்னாள். நூறு மீட்டர் தூரத்தில் எனக்கும் அதற்கும் இடையே இருக்கப்போகிற ஒரே பேச்சு அதுதான் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

மோட்டாரும் மின்சாதனங்களும் ஒரே மாலையில் முடிந்தன. வாலில் திசை திருப்பும் ரட்டருக்கு ஒரு சர்வோ, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு ஒரு சர்வோ, நடுவில் ரிசீவர், மூக்குக்குப் பின்னால் மூன்று செல் லைப்போ பேட்டரி. செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, சும்மா வைக்கும்போது 3.8 அளவில் வைக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது தனியே விட்டுப் போகக் கூடாது. அதற்கென்று ஒரு மண்சட்டி ஒதுக்கி வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து 1.2 கிலோ.

*

தை மாதம். உடுமலையிலிருந்து தாராபுரம் போகிற சாலையில், சோளம் அறுத்த காடு. தூரத்தில் காற்றாலைகள். ஆடியில் அந்தப் பக்கம் பேசினால் பேச்சு பறந்து போகும். தையில் விடியற்காலை அவை ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து நின்றிருக்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் அந்த நிலம் பச்சை மண்டலம், 120 மீட்டர் வரை பறக்கலாம். நிலத்துக்காரரிடம் கேட்டாயிற்று.

எனக்குக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்ட ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டியவர். நாற்பது வருஷமாக இதில் இருக்கிறார். ரேடியோவெல்லாம் கிரிஸ்டலில் ஓடிய காலம் அவருடையது. ஒரே எண்ணுள்ள கிரிஸ்டலை இருவர் போட்டுவிட்டால் இரண்டு விமானமும் விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகையில் எண் போட்ட கிளிப்புகள் தொங்கும், கையில் கிளிப் இல்லாதவர் ரேடியோவைத் தொடக் கூடாது. இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை இல்லை. என்றாலும் ஐயா தன் சட்டைப் பையில் ஒரு துணி கிளிப்பைக் குத்தாமல் விமானத்தைத் தொடுவதில்லை.

வந்ததும் பறக்க விடவில்லை. முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ. தள்ளி, இறக்கையின் அடியில் இரண்டு ஆள்காட்டி விரலையும் கொடுத்துத் தூக்கினார். மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நின்றது. "மூக்கு கனமா இருந்தா மோசமாப் பறக்குமுங்க. வால் கனமா இருந்தா ஒரே ஒருக்காத்தான் பறக்கும்" என்றார். பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சொல்லாம். பிறகு ரேடியோவின் சக்தியைக் குறைத்து வைத்து முப்பது தப்படி நடந்து போய், ரட்டர் அசைகிறதா, எந்தப் பக்கம் அசைகிறது என்று என்னைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடுக்கில் உதிர்த்தார். அது எங்கே போகிறதென்று பார்த்து, அதற்கு எதிராக என்னை நிற்க வைத்தார்.

"எறியாதீங்க தம்பி. காத்துல வெச்சுட்டு வாங்க."

நாலு எட்டு ஓடி, நேராகப் பிடித்து, விட்டேன். கையிலிருந்து எடை போனது எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டின் உயரம் போவதற்குள் மஞ்சள் சின்னதாகிவிட்டது. மூன்று மாதம் என் மூச்சுப்படும் தூரத்தில் இருந்தது அது. ஒவ்வொரு விலாவும் எனக்கு எண்ணால் தெரியும். இப்போது இரண்டு நிறமும் ஒரு வடிவமும் மட்டும்தான்.

ஐயா உயரத்துக்குக் கொண்டுபோய், நேராகப் போகும்படி சரிசெய்யும் ட்ரிம் பொத்தானை நாலைந்து தடவை வலப்பக்கம் தட்டி, ரேடியோவை என் கையில் வைத்தார். நான் ஸ்டிக்கைத் தொட்டதும் விமானம் திணறியது. இடது, வலது, இடது. சாய்ந்ததைத் திருத்தினேன், திருத்தியதைத் திருத்தினேன்.

"கைய எடுத்துருங்க."

"ஐயா?"

"எடுத்துருங்க தம்பி. அதுவே நிமிந்துக்கும்."

எடுத்தேன். இடப்பக்கம் சாய்ந்திருந்த மஞ்சள் ஒரு கணம் அப்படியே போயிற்று. பிறகு மெல்ல, படுத்திருந்தவர் எழுந்து உட்காருவதுபோல, நிமிர்ந்தது. துய்லெரித் தோட்டத்துப் பையன் நினைவுக்கு வந்தான். பார்வை மங்கியது, அந்த நேரத்தில் மங்கக் கூடாது என்பதால் கண்ணை அகலத் திறந்துகொண்டேன்.

போகும்போது ஒரு மாதிரி, வரும்போது வேறு மாதிரி. விமானம் என்னைவிட்டு விலகும்போது அதன் வலது என் வலது. திரும்பி என்னை நோக்கி வந்தால் அதன் வலது என் இடது. தலைக்குத் தெரிந்த இதைக் கை ஏற்றுக்கொள்ள வெகு நாளாகும். ஐயா ஒரு வழி சொன்னார்: உங்களைப் பார்த்து வரும்போது எந்த றெக்கை தாழுதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைக் கொண்டுபோய் முட்டுக்கொடுங்க. தாழ்கிற கூரைக்குக் கழி கொடுப்பதுபோல. கூடத்தில் அகராதி அடுக்கிய நாள் சட்டென்று ஞாபகம் வந்தது. அதன்பிறகு வலது இடது என்று நான் நினைக்கவில்லை.

*

பத்து நிமிஷம் கழித்து இறக்கியதும் ஐயா விமானத்தைத் தூக்கி, வாலைக் கண்ணுக்கு நேரே வைத்து, ஒரு கண்ணை மூடி, இறக்கையின் பின்விளிம்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இடது றெக்கை நுனில ரெண்டு நூல் தூக்கிருக்குங்க. பசை காயறதுக்கு முந்தி எடுத்தீங்களா?"

இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். அதற்காகத்தான் வலப்பக்கம் ட்ரிம் தட்டியிருக்கிறார். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அந்த இறக்கை இடப்பக்கம் சாயத்தான் முயன்றுகொண்டிருந்தது. வேகம் கூடினால் இன்னும் கூடுதலாகச் சாயுமாம். சுவரில் விலாக்களின் நிழல் விழுந்த அந்த ஒன்பது மணியை அவரிடம் சொன்னேன். அவர் என்னைக் கடியவில்லை. "கொழந்தைக்குக் காட்டணும்னு தோணத்தான் செய்யும்" என்றார்.

திருத்த வழி இருந்தது. ஃபிலிம் பூட்டிய முறுக்கை ஃபிலிமே திறக்கும். அன்று மத்தியானம் அவர் வீட்டுத் திண்ணையில், நான் இடது நுனியைப் பிடித்து எதிர்ப்பக்கம் முறுக்கினேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. அவர் இஸ்திரிப்பெட்டியை மேலும் கீழும் ஓட்டினார். சுருக்கம் விழுந்த ஃபிலிம் சூட்டில் மறுபடி விறைத்தது. "விடாதீங்க, சூடு ஆறட்டும்." ஆறும்வரை பிடித்திருந்தேன். விட்டபோது கொஞ்சம் திரும்பிப் போய், சரியான இடத்தில் நின்றது.

*

மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரைப் பற்றி ஐயாதான் முதலில் சொன்னார். 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாண்டிலிருந்து அயர்லாந்துக்கு, அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு மாதிரி விமானத்தை அனுப்பியவர். பால்சாவும் மைலார் ஃபிலிமும். 5 கிலோ எடை. 38 மணி 52 நிமிஷம். 3,000 கிலோமீட்டருக்கு மேல். முகாம் விளக்குக்கு ஊற்றும் எரிபொருள், அதுவும் ஒரு காலனுக்குள். கரையிலிருந்து எழுப்பவும் இறக்கவும் மட்டும் மனிதக் கை. நடுக்கடல் முழுக்கத் தானியங்கிக் கருவி. அதற்கு முன் அனுப்பிய விமானங்கள் கடலோடு போயிருந்தன. அது இறங்கிய கடற்கரை கிளிஃப்டன் ஊருக்குப் பக்கம். 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் முதன்முதலாக நிற்காமல் அட்லாண்டிக்கைக் கடந்து இறங்கியதும் அதே ஊருக்குப் பக்கத்தில்தான்.

ஹில்லுக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. சட்டப்படி பார்வையற்றவர் என்று கொள்ளும் அளவுக்குக் கண் மங்கியிருந்தது. காதும் சரியாகக் கேட்காது. பறப்பதைத் தன் கண்ணால் பார்க்க முடியாத ஒருவர் கட்டிய விமானம் அது. இதை நினைத்தபடி ஓர் இரவு கண்ணை மூடிக்கொண்டு என் இறக்கையின் பின்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். நுனிக்கு ஒரு சாண் முன்னால், இடப்பக்கம், ஏதோ ஒரு மிகச் சின்ன ஏற்றம் இன்னும் இருக்கிறது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

*

மாசி. தனியாகப் பறந்த மூன்றாவது காலை. வெயில் ஏறிவிட்டது, நான் இறக்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. மோட்டாரைக் குறைத்து என்னை நோக்கி வரவிட்டேன். காட்டின் ஓரத்து வேலிக்கு முன்னாலேயே விழுந்துவிடும்போல் தாழ்ந்தது. எலிவேட்டரை இழுத்தேன். மூக்கு எழுந்தது, வேகம் செத்தது. இன்னும் இழுத்தேன். மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அந்த இறக்கையால் தாங்க முடியாது என்பது எனக்கு எண்ணாகத் தெரியும். அப்போது செய்ய வேண்டியது மூக்கைத் தாழ்த்தி மோட்டாரைக் கூட்டுவது. ஆனால் தாழ்கிற ஒன்றைப் பார்க்கும் கை தூக்கத்தான் போகிறது. இடது இறக்கை மடிந்ததுபோல் சரிந்து, கறுப்புப் பட்டை ஒருமுறை தெரிந்து, சோளத்தட்டைக்குள் போயிற்று.

ஓடவில்லை, நடந்துதான் போனேன். ஃபிலிம் கிழிந்து, ஏழாவது விலாவும் எட்டாவதும் முறிந்து, முன்விளிம்பு விண்டிருந்தது. ஸ்பார் முழுதாக இருந்தது. ஐயாவுக்குப் போன் செய்தேன். "ஸ்பார் இருக்குதுங்களா? அப்ப றெக்கை இருக்குதுங்க" என்றார்.

*

இரவு. கடப்பைக்கல், சாஃப்ட் போர்டு, வரைபடம், பாலிதீன். மிச்சம் இருந்த பலகைகளில் பென்சிலில் 9 கிராம் என்று எழுதியிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதை முறியாத ஆறாவது விலாவோடு ஒட்டிப் பிடித்து இரண்டு தடவை சுற்றி வரைந்து, பிளேடால் வெட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து உப்புத்தாள் போட்டேன். மகள் எதிரில் உட்கார்ந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பசை தொட்டு நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு முனைக்கும் பாரம் தேடினேன். அவளே போய் ஆட்டுக்கல் குழவியை இரண்டு கையாலும் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தாள். இன்னொரு முனைக்கு அகராதி.

"நாளைக்குக் காலைல காஞ்சிருக்குமாப்பா?"

"இருக்கும் கண்ணு."

"நான் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியா?"

"நீ வந்தப்புறம் எடுக்கலாம்."

அவள் மேசையோரத்தில் தாடையை ஊன்றி, பசை வெள்ளையிலிருந்து கண்ணாடிபோல் மாறுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கேயே தூங்கிப்போனாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். கூடத்து விளக்கை அணைக்க வந்தபோது, குழவி வைத்த இடத்திலேயே இருந்தது.